இரண்டு முறை எழுதிய எண்

ராஜாவுக்கே கட்டியம் ஒருமுறைதான். ஆஸ்தான கணிதர் விருதகிரி சபைக்கு வந்தால் மட்டும் அவர் பட்டங்களை இரண்டு முறை கூவ வேண்டும். அப்படி ஒரு பெருமை அவருக்கு! ஒருநாள் கட்டியக்காரன் இருளப்பனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருமுறையோடு நிறுத்திவிட்டான்.

வந்ததே கோபம் கணிதருக்கு! சபைச் சுவரில் தான் எழுதிவைத்திருந்த 367367-ஐக் காட்டினார்.

“ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணடா இது! இப்போதே வகுத்துக் காட்டு. முடியாவிட்டால் வேலையை விட்டு ஓடு.”

“முதலில் வெறும் 367-தானே சாமி எழுதியிருந்தீர்கள்?”

“ஆமாம், அதுவும் வகுபடாதுதான். என் தகுதிக்கு ஒருமுறை போதுமா? பக்கத்திலேயே இன்னொரு முறை எழுதினேன்.”

இருளப்பன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

“மகாராஜா, 367-ஐ ஆயிரம் தடவை கூட்டினால் 367000. இன்னும் ஒரு தடவை கூட்டினால் சுவரில் இருக்கிற எண். அப்படியென்றால் 367-ஆல் வகுத்தால் ஆயிரத்தொன்று, மீதி இல்லை. ஒருமுறை எழுதியவரைக்கும் பாறை மாதிரி நின்றது. பெருமைக்கு இன்னொரு முறை எழுதினார், உடைந்துவிட்டது.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் கணிதர் வந்தபோது இருளப்பனின் தொண்டை சரியாகியிருந்தது. கணீரென்று ஒருமுறை கூவிவிட்டுப் பணிவாகக் கேட்டான்: “இன்னொரு முறை கூவட்டுமா சாமி?”

“வேண்டாமடா!” என்று கணிதர் உள்ளே ஓடினார்.