சில்லு அம்மா பேசிய நாலு வார்த்தை

ஒரு காட்டில் சில்லு என்று ஓர் அழுங்குக் குட்டி இருந்தது. அழுங்கு என்றால், உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் இருக்குமே, எறும்பும் கறையானும் தின்னுமே, அதுதான். பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். புலி வந்தாலும் பிரிக்க முடியாது.

சில்லுவின் அம்மாவுக்குப் புலியைக் கண்டால்கூட அவ்வளவு பயமில்லை. பள்ளிக்கூடத்தைக் கண்டால்தான் பயம்.

பள்ளிக்கூடம் ஒரு பெரிய புங்கமரத்தடியில் நடந்தது. ஐந்து வகுப்புக்கும் செம்போத்து டீச்சர் ஒருவர்தான். செம்போத்துப் பறவைக்குக் கண் பிறவியிலேயே சிவப்பு. கோபமே இல்லாவிட்டாலும் கோபமாகப் பார்ப்பதுபோல இருக்கும். சில்லு அம்மா பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தாலே அவளுக்குச் செதிலெல்லாம் கடகடவென்று ஆடும்.

போன வருசம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தாள். "நீங்கதான் சில்லு அம்மாவா?" என்று டீச்சர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவள் வாசலிலேயே சுருண்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தன. வாசலில் உருண்டையாக ஒன்று கிடப்பதைப் பார்த்தன. ஒரு உதை விட்டன. நன்றாக உருண்டது. அன்றைக்கு ஆட்டம் பிரமாதமாக நடந்தது. குரங்குக் குட்டிகள் மூன்று கோல் போட்டன.

மூன்றாவது கோல் விழுந்தபோதுதான் சில்லு வந்து பார்த்தது. 'அது பந்து இல்லை, எங்கம்மா' என்று சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. மைதானம் காலியாகிற வரை ஓரமாக நின்றது. பிறகு அம்மாவை மெல்ல உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

இந்த வருசம் பங்குனி பிறந்தது. புங்கமரம் பழைய இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுத் தளதளவென்று துளிர்த்தது. மாதம் பாதி கழிந்ததும் செம்போத்து டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொட்டாங்கச்சியும், ஒரு பிடி மண்ணும், ஓர் அவரை விதையும் கொடுத்தார். சித்திரை முதல் நாள் துளிர் விழா. அன்றைக்கு முளைத்த செடியை ஓடைக்கரைச் சரிவில் நட வேண்டும். நடுவதற்கு முன்னால், அந்தச் செடி எப்படி வளர்ந்தது என்று அம்மாவோ அப்பாவோ பாறைமேல் ஏறி நாலு வார்த்தை பேச வேண்டும். பேசினால்தான் நடலாம்.

பெற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பிள்ளைகளுக்கு உதவி செய்யலாம் என்றும் டீச்சர் சொல்லி அனுப்பினார்.

சில்லு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது.

"ம்மா, இந்தத் தடவை வருவியா?"

"வர்றேன்."

"வந்து பேசுவியா?"

அம்மாவின் வால் மெல்லச் சுருளத் தொடங்கியது. சில்லு அதை மிதித்துப் பிடித்துக்கொண்டது.

"நீ பேசலேன்னா என் அவரையை நட விடமாட்டாங்கம்மா. கொட்டாங்கச்சியிலயே கிடந்து காஞ்சி போயிடும்."

"பேசறேன்" என்றாள் அம்மா. வயிற்றுக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது.

மறுநாளே பெற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் வந்து குவிந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது குரங்குக் குட்டி தாவுவின் அம்மா. பெற்றோர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டம் நடக்கும்போது எல்லாரையும்விட உயரமான கிளையில் உட்கார்ந்திருந்ததால் தலைவி ஆகிவிட்டாள். அவள் தினமும் காலையில் வந்து, மண்ணைத் தோண்டி விதையை வெளியே எடுப்பாள். முளை விட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மோந்து பார்ப்பாள். திரும்பப் புதைப்பாள். தாவு கையை நீட்டினால் தட்டிவிடுவாள். "உனக்குத் தெரியாது, தள்ளு."

அடுத்தவர் நீலனின் அப்பா, மயில். வெயில் பட்டால் விதை கருத்துப் போய்விடும் என்று அவருக்குக் கவலை. தோகையை விரித்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டாங்கச்சிக்குக் குடை பிடித்தார். நடுநடுவே யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது தொப்பனின் அப்பா, கரடி. பச்சைத் தண்ணீரை ஊற்றி வளர்த்தால் செடிக்கு எங்கிருந்து சத்து வரும் என்று கேட்டார். ஒரு முழுத் தேன்கூட்டைக் கொண்டுவந்து கொட்டாங்கச்சியில் பிழிந்தார். மூன்று காடுகளின் எறும்புகளும் அன்று மத்தியானமே வந்து சேர்ந்தன.

தாவு, நீலன், தொப்பன் மூன்றுக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. புங்கமரத்து வேரில் வரிசையாக உட்கார்ந்து கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்தன.

சில்லு அம்மாவும் உதவி செய்யத்தான் கிளம்பினாள். வேலி வரை வந்தாள். செம்போத்து டீச்சரின் கண் தெரிந்தது. அப்படியே ஈச்சம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு எப்படியாவது உள்ளே போய்விடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் வேலி வரை வந்தாள். மறுநாளும் புதர்தான். அழுங்குக்குப் பகலில்தான் தூக்கம். சில்லு அம்மா தூக்கத்தை விட்டுவிட்டு, தினமும் அந்தப் புதருக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதனால் சில்லுவின் செடிக்கு உதவி செய்ய யாரும் இல்லை. எல்லாவற்றையும் அதுவேதான் செய்துகொண்டது.

ஆறாம் நாள் சில்லு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு தனியாக மரத்துக்குப் பின்னால் போனது. வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. சாயங்காலம் வீட்டில், செடி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சில்லு திரும்பிப் படுத்துக்கொண்டது. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் சில்லுவின் அவரை முளைத்தது. கழுத்து கூனிக்கொண்டு, தலையில் தோலைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு வந்தது.

தாவு, நீலன், தொப்பன் மூன்று பேரின் விதையும் முளைக்கவில்லை. தோண்டித் தோண்டி எடுத்த விதை காய்ந்த திராட்சைபோலச் சுருங்கிவிட்டது. குடை பிடித்த விதை இருட்டில் வெளுத்து அழுகிவிட்டது. தேன் ஊற்றிய விதையைக் காணவே காணோம். எறும்புகள் தூக்கிக்கொண்டு போயிருந்தன.

விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. குரங்கம்மா யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் போனாள். மயிலப்பா யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் போனார். கரடியப்பாவும் யாருக்கும் தெரியாமல்தான் போனார், ஆனால் அவர் போனது காட்டுக்கே கேட்டது.

மறுநாள் காலையில் தாவுவின் கொட்டாங்கச்சியில் மிளகாய்ச் செடி நின்றது. அதில் மூன்று மிளகாய் பழுத்தும் இருந்தது. நீலனின் கொட்டாங்கச்சியில் காட்டுமல்லி பூத்திருந்தது. தொப்பனின் கொட்டாங்கச்சியில் ஒரு வாழைக்கன்று. அது தானாக நிற்காது. கரடியப்பா கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

செம்போத்து டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பார்த்தார், அவ்வளவுதான். அந்தக் கண்ணுக்கு அதுவே போதும்.

இந்தப் பக்கம் சில்லு அம்மா பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரில் யாராவது இருந்தால்தான் பயம் தெளியும் என்று, ஒரு பெரிய கறையான் புற்றின் முன்னால் போய் நின்றாள். கறையான்கள் வெளியே வந்து கும்பலாகப் பார்த்தன.

கொஞ்ச நேரம் கழித்துச் சில்லு வந்தது.

"ம்மா, பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"கேட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் எங்க?"

அம்மா நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களையும் முடிச்சிட்டேன்."

சில்லுவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சித்திரை முதல் நாள் வந்தது. காடே பாறையைச் சுற்றி உட்கார்ந்தது. குரங்கம்மா முதலில் ஏறினாள். பெற்றோர் சங்கத்துக்காகத் தான் பட்ட பாட்டைச் சொன்னாள். எத்தனை கிளை தாவினாள், எத்தனை பேரைக் கூப்பிட்டாள் என்று சொன்னாள். வெயில் ஏறிவிட்டது. அவரை விதையில் மிளகாய் எப்படிக் காய்த்தது என்று டீச்சர் கேட்டார். நல்ல வளர்ப்பு அப்படி என்றாள் குரங்கம்மா. டீச்சர் தாவுவிடம் திரும்பி, முதல் இலை எந்தப் பக்கமாக விட்டது என்று கேட்டார்.

"எங்கம்மாவைக் கேளுங்க டீச்சர். இந்தச் செடி வகுப்புல படிக்கிறது அவங்கதான். நான் சும்மா கூட வந்தேன்" என்றது தாவு.

காடு முழுக்கச் சிரித்தது. குரங்கம்மா பாறையை விட்டு இறங்கி, இந்தத் தடவை கீழ்க்கிளையில் உட்கார்ந்துவிட்டாள்.

மயிலப்பா நாலு வார்த்தை பேசினார். நாலும் தோகையைப் பற்றி. கரடியப்பாவால் பாறைமேல் ஏறவே முடியவில்லை. ஏறினால் வாழைக்கன்று விழுந்துவிடும். தொப்பன் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளட்டும் என்று டீச்சர் சொன்னார். இது என்ன செடி என்று தொப்பன் டீச்சரிடம் கேட்டது.

பிறகு டீச்சர் கூப்பிட்டார். "சில்லு அம்மா."

சில்லு அம்மா பாறைமேல் ஏறினாள். அதுவே பெரிய விஷயம். நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை கண்ணும் அவளையே பார்த்தன. கறையான் கண் என்றால் தின்றுவிடலாம். இவை யானைக் கண், மான் கண், செம்போத்துக் கண். அவள் சுருண்டுவிட்டாள். பாறை கொஞ்சம் சரிவு. கடகடவென்று உருண்டு வந்து முன்வரிசையில் விழுந்தாள்.

"டேய், பந்துடா" என்று தாவு காலைத் தூக்கியது.

சில்லு ஓடிவந்து குறுக்கே நின்றது. சத்தமாகவே சொன்னது.

"அது பந்து இல்ல. எங்கம்மா."

தாவு காலைக் கீழே வைத்தது.

சில்லு அந்த உருண்டையின்மேல் காதை வைத்துக் கேட்டது. உள்ளே அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சில்லு நிமிர்ந்து, அதை எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னது.

"தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி என் பொண்ணு விரலை விட்டுப் பார்ப்பா. ஈரம் இருந்தா ஊத்தமாட்டா."

மறுபடி காதை வைத்தது.

"சாப்பாட்டு நேரத்துல கொட்டாங்கச்சியை வெயிலுக்கு நகர்த்தி வைப்பா. ஒரு நாளும் மறந்ததில்ல." சொல்லிவிட்டுச் சில்லு திகைத்தது. "ம்மா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

காதை வைத்துப் பதிலைக் கேட்டது.

"தினமும் ஈச்சம்புதருக்குப் பின்னாடி இருந்தாங்களாம்."

மறுபடி காதை வைத்தது. இந்தத் தடவை நிமிரவில்லை. வாயும் திறக்கவில்லை.

அம்மா என்ன சொன்னார்கள் என்று டீச்சர் கேட்டார். சில்லு தலையைக் குனிந்துகொண்டது. சத்தமாகச் சொல், சொல் என்று பின்வரிசை கத்தியது. சில்லுவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதனால் சொல்ல முடியவில்லை.

அப்போது அந்த உருண்டை அசைந்தது. ஒரு செதில் விலகியது. இன்னொன்று விலகியது. மூக்கு வெளியே வந்தது, பிறகு கண். சில்லு அம்மா கூட்டத்தைப் பார்க்கவில்லை. சில்லுவை மட்டும் பார்த்தாள்.

"ஆறாம் நாள், உன்னோடது விதையில்ல, கல்லுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. இவ கொட்டாங்கச்சியை எடுத்துக்கிட்டு மரத்துக்குப் பின்னாடி போய் அழுதா. அழுது முடிச்சிட்டு, 'நீ மெதுவாவே வா, நான் இருக்கேன்'னு அதுகிட்ட சொன்னா. வீட்டுக்கு வந்து என்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்னா. இந்தச் செடி அப்படி வளர்ந்த செடிங்க."

பேசி முடித்த பிறகுதான், தன்னைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. சட்டென்று மறுபடி சுருண்டுகொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. செம்போத்து டீச்சரின் கண் சிவந்திருந்தது. எப்போதும் இருக்கிற சிவப்புத்தானா என்று யாருக்கும் தெரியவில்லை.

"நட்டுடலாம் சில்லு" என்றார் டீச்சர்.

சில்லு ஒரு கையில் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அம்மாவை உருட்டிக்கொண்டு ஓடைக்கரைச் சரிவுக்குப் போனது. இந்தத் தடவை மைதானம் காலியாகட்டும் என்று காத்திருக்கவில்லை. எல்லாரும் பார்க்கும்படி நடுவிலேயே போனது.

மறுநாள் தாவுவுக்கும் நீலனுக்கும் தொப்பனுக்கும் டீச்சர் வேறு விதை கொடுத்தார். அப்படியானால் நாங்கள் என்ன செய்வது என்று பெற்றவர்கள் கேட்டார்கள். டீச்சர் அலகை ஈச்சம்புதர் பக்கம் நீட்டினார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் சில்லு அம்மா வழக்கம்போல வேலிக்கு வந்தாள். புதருக்குப் பின்னால் இடமே இல்லை. மேலே குரங்கம்மா தொங்கிக்கொண்டிருந்தாள். நடுவில் கரடியப்பா உட்கார்ந்திருந்தார், புதரில் பாதி அவர்தான். மயிலப்பாவின் தோகை இரண்டு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தாவு முதல்முதலாகத் தன் கையால் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சில்லு அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வால் சுருளப் பார்த்தது. அதைத் தானே மிதித்துப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றாள். "அது என் இடம்."

பிள்ளையின் வேலையைப் பிடுங்கிச் செய்கிற பத்துக் கைகளைவிட, பிள்ளை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு கண்களே பெரிய உதவி.