சூரியன் வெளிநடப்பு செய்த கூட்டம்

கொக்கரையாம்பாளையத்து ஜனங்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது செங்கோடனின் வேலை. கிணற்றடி டீசல் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது ஒரு நாள் கிளம்பினால் இரண்டு நாள் உதைக்கும். உதை வாங்கி வாங்கி, தலை சீவக்கூடத் தோளைத் தூக்க முடியாமல் அவன் இருந்த சமயத்தில்தான், கல்லூரியிலிருந்து திலகவதி மேடம் ஒரு சோலார் மோட்டாரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். எண்ணெயை விட்டு வெயிலுக்கு மாறும் ஊர்கள் அந்த முடிவை எப்படி எடுக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி.

"மோட்டாரை மாட்டியாச்சு. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் கூடி முடிவெடுக்கணும்" என்றார். "தண்ணி குடிக்கிறவங்க, வேலை செய்யறவங்க, ஒருத்தரையும் விடக்கூடாது. எல்லாரும் சம்மதிச்சு இந்தத் தாள்ல கையெழுத்து வைக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா மோட்டார் பக்கத்து ஊருக்குப் போயிரும்."

செங்கோடன் தோளைத் தடவிக்கொண்டான். அன்று திங்கள்.

செவ்வாய் மதியம் ஊர் கூடியது. தலைவர் மாரப்பன் எழுந்தார். "தண்ணி குடிக்கிறவங்க எல்லாரும் வந்தாச்சா?"

"ஆடு வரலீங்க" என்றாள் பூக்கட்டும் வெள்ளையம்மா.

பதினோரு ஆடுகள் வந்தன. ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. குளம்பை மையில் தோய்த்துத் தாளில் வைத்தார்கள். பிறகு அறுபத்திரண்டு குடும்பங்களும் கையெழுத்துப் போட்டன. கடைசியாகப் பேனாவை வாங்கிய செங்கோடன் யோசித்தான்.

"வேலை செய்யறவங்களையும் கேக்கச் சொன்னாங்களே. இனிமே வேலை செய்யப்போறது நானில்லீங்களே. சூரியன்தானுங்களே?"

கூட்டம் ஆடிப்போயிற்று.

"எத்தனை பெரிய தப்புப் பண்ண இருந்தோம்" என்றார் மாரப்பன். சம்மதம் கேட்காமல் வேலை வாங்கக் கூடாது என்று உடனே சோலார் தகட்டைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மாரப்பன் வானத்தைப் பார்த்துத் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆடி மாதம். இரண்டாவது வரியில் ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது.

"என்னுங்க, போயிருச்சே?"

"வெளிநடப்பு" என்றார் மாரப்பன். அவர் பேப்பர் படிக்கிறவர்.

"பின்னே? ஆட்டுக்கு அப்புறமாக் கூப்பிட்டா யாருக்குத்தான் கோபம் வராது?" என்றாள் வெள்ளையம்மா.

புதனும் மூட்டம், வியாழனும் மூட்டம். இன்ஜின் செங்கோடனை இன்னும் இரண்டு உதை உதைத்தது. வியாழன் சாயங்காலம் மேகம் கொஞ்சம் விலகி, தென்னந்தோப்புக்குப் பின்னால் சூரியன் தெரிந்தது.

"மூஞ்சி செவந்திருக்கிறதைப் பாருங்க. கோபம் தீரலை."

"வீட்டுக்குப் போகுது. முறையா வீட்டுக்கே போய் அழைச்சா வராம இருக்குமா?"

கேட்டுத் தொலைத்தவன் செங்கோடன்தான் என்பதால் அவனையே அனுப்பினார்கள். மாலை, வெற்றிலை பாக்கோடு மேற்கே நடந்தான். கால் ஓய்ந்ததும் ஒரு மைல்கல்லில் சாய்ந்து தூங்கிப்போனான். விடிந்து பார்த்தால் மேற்கே யாரும் இல்லை. திரும்பினான். சூரியன் நேராக அவன் ஊர்த் தொட்டிக்கு மேலே நின்றது.

"அழைக்க வந்தவனைப் பாக்காம வேற வழியாப் போயிருச்சே" என்று அங்கலாய்த்தபடி ஓட்டமும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்தான்.

தாளை வெயிலில் விரித்துக் கல் வைத்தார்கள். மதியத்துக்குள் ஒரு மூலை பழுத்துச் சுருண்டது. "கைநாட்டு" என்றார் மாரப்பன். செங்கோடனும் கையெழுத்துப் போட்டான். தார்ப்பாயை எடுத்ததும் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

திலகவதி மேடம் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இவ்வளவு முழுமையான பங்கேற்பை வேறெந்த ஊரிலும் கண்டதில்லை என்று குறிப்பில் எழுதிவிட்டு ஜீப் ஏறினார்.

ஆறரை மணிக்கு மோட்டார் நின்றது.

எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். மூஞ்சி செவந்துதான் இருந்தது. பிறகு எல்லோரும் செங்கோடனைப் பார்த்தார்கள். வெள்ளையம்மா மாலையைக் கட்டியே வைத்திருந்தாள்.

இப்போது செங்கோடனுக்குத் தோள்வலி அறவே இல்லை. சாயங்காலமானால் மாலையும் வெற்றிலை பாக்குமாக மேற்கே நடந்துபோவான். எதிரே வரும் பக்கத்து ஊர்க்காரர்கள், "என்ன செங்கோடா, பொழுது சாயற நேரத்துல எங்கே?" என்று கேட்பார்கள்.

"காலைல ஊருக்குத் தண்ணி வேணுமில்லீங்களா" என்பான் நிற்காமலே. "மோட்டார் போடப் போறேனுங்க."