எருமை மசோதா

மசையூர்க்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான்.

ஊர்க்கூட்டம் போட்டாலே அடிதடியில் முடிகிறதே என்று பஞ்சாயத்துத் தலைவர் மூன்று பேரை டில்லிக்கு அனுப்பினார். "பாராளுமன்றத்துல எப்படி முடிவெடுக்கறாங்கன்னு கண்ணால பாத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம அப்படியே இங்கேயும் செய்யணும்" என்றார். பொங்கியண்ணன், மாரப்பன், நாச்சிமுத்து மூவரும் பார்வையாளர் மாடத்தில் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தி ஒரு எழுத்துத் தெரியாது. அதனால் என்ன, கண்ணால்தானே பார்க்கச் சொன்னார்!

ஊர் திரும்பிய அன்று காலையிலேயே பவுனாத்தாளின் சினை எருமை, கரை சரிந்த கிணற்றுக்குள் சறுக்கிப் போய் வயிறு வரைக்கும் சேற்றில் நின்றது. அந்த ஒத்தை எருமையை வைத்துத்தான் அவள் பிழைப்பு. "கயிறு போட்டுத் தூக்குங்க சாமிகளா, ரெண்டு உசுரு!" என்று அலறினாள்.

"தூக்கிடலாங்க ஆத்தா. முதல்ல சபை கூடட்டும்" என்ற பொங்கியண்ணன், சபாநாயகருக்கு உயரமான இடம் வேண்டுமே என்று தண்ணித்தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தான். மாரப்பன் ஆளுங்கட்சி. நாச்சிமுத்து எதிர்க்கட்சி.

"எருமையைத் தூக்கணும்" என்றான் மாரப்பன்.

"தூக்கக் கூடாது" என்றான் நாச்சிமுத்து.

"ஏண்டா கூடாது? பாவம்டா!" என்றாள் பவுனாத்தாள்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்குதுங்க ஆத்தா. அழுகையே வருது. எதிர்க்கட்சியாப் போயிட்டனே, நான் என்ன பண்ணட்டும்?"

"உட்காருங்க, உட்காருங்க" என்றான் பொங்கியண்ணன். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

அடுத்து மேசையைத் தட்ட வேண்டும். மேசை இல்லாததால் மாரப்பன் கிணற்று மேட்டைத் தட்டினான். ஒரு கூடை மண் சரிந்து எருமை தலையில் விழுந்தது.

"குரல் ஓட்டு! தூக்கலாங்கறவங்க?"

"ஆமா" என்றான் மாரப்பன். டில்லிக் குளிரில் தொண்டை கட்டியிருந்தது, பாவம்.

"கூடாதுங்கறவங்க?"

நாச்சிமுத்து வாயைத் திறப்பதற்குள் எருமை கிணறே அதிரக் கத்தியது.

"எருமையே வேண்டாங்குது. மசோதா தோத்துப் போச்சு."

"நாசமாப் போங்கடா!" என்று வீட்டுக்கு ஓடிய பவுனாத்தாள், ஒரு வாளி பருத்திக்கொட்டைத் தண்ணியோடு வந்தாள். மேட்டில் வைத்து, "வாடி என் ராசாத்தி" என்று கூப்பிட்டாள். வாசனை பட்டதும் எருமை காலைப் பிடுங்கிப் பிடுங்கி மேலே ஏறி வந்துவிட்டது. குடித்து முடித்து, சபைக்கு நடுவே புகுந்து, வீட்டைப் பார்த்து நடந்தது.

"வெளிநடப்பு!" என்றான் பொங்கியண்ணன்.

"எங்க பக்கம் ஓட்டுப் போட்டவங்க போனா நானும் போகணுமில்ல?" என்று நாச்சிமுத்துவும் எருமை பின்னால் நடந்தான்.

எதிர்க்க ஆளில்லை. மறுபடி ஓட்டெடுத்தார்கள். மசோதா ஏகமனதாக நிறைவேறியது.

பவுனாத்தாள் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபடியே போய்க்கொண்டிருந்தாள். மாரப்பன் கயிறும் கையுமாக ஓடிப்போய் முன்னால் பணிவாக நின்றான்.

"ஆத்தா, எருமையைத் தூக்கியே ஆகணும்னு சட்டம் வந்துருச்சுங்க. ஒரு அஞ்சு நிமிசம் திரும்பக் கிணத்துல இறக்கி விடறீங்களா?"