எச்சில் கிண்ணம் கழுவிய அருமைநாயகம்

மேற்கு மலையடிவாரத்தில், காற்று நல்லதென்று மிஷனார் ஒரு காசநோய் மருத்துவமனை கட்டியிருந்தார்கள். அங்கே நோயாளிகள் துப்பும் கிண்ணங்களைச் சேகரித்து, கொதிநீரில் போட்டுக் கழுவி, திரும்பவும் அவரவர் கட்டிலடியில் வைப்பதே அருமைநாயகத்தின் ஊழியம். வேறெவரும் கைவைக்காத வேலை. ஊர்த்தெருவில் அவர் வருவதைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். தேநீர்க் கடையில் அவருக்கென்று தனியே ஒரு சிரட்டை வைத்திருந்தார்கள். அதிலேயே வாங்கிக் குடித்துவிட்டு, கடைக்காரரை மனதார வாழ்த்திவிட்டு வருவார்.

அவர் மனைவி பாக்கியம் இறந்ததும் அதே மருத்துவமனையில்தான். அம்மையாரை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் அடுப்பு எரிந்தது, கிண்ணங்கள் கழுவப்பட்டன. எப்படி முடிகிறது என்று கேட்டவர்களிடம், ராஜாவாகிய ஆண்டவர் வருகிற நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். விடியற்காலை அடுப்பு மூட்டுகையில் கிழக்கே பார்த்து நின்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுவார். தேவனுடைய ராஜ்யம் வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மட்டும் சற்று நின்று காதுகொடுப்பார். ஒரு நாள் எக்காளம் ஊதும், ராஜா வருவார், உழைத்தவர்களுக்கு உழைப்புக்கேற்ற இடம் தருவார் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த இடத்துக்காகவே அவர் எதையும் தாங்கினார்.

இப்படி இருக்கையில் லாசரு வந்து சேர்ந்தான். ஆடு திருடிச் சிறைக்குப் போய், அங்கே நோய் வாங்கி வந்தவன். மருத்துவமனையில் கிடந்தபோது ஞானஸ்நானம் பெற்றான். உடம்பு தேறியதும் அங்கேயே வார்டு வேலைக்கு நின்றுவிட்டான். நல்ல குரல். நோயாளிகளுக்குப் பாடிக் காட்டுவான், சாகக் கிடப்பவரைக்கூடச் சிரிக்க வைப்பான். முன்பெல்லாம் பயந்த நேரத்தில் அருமைநாயகத்தைத் தேடியவர்கள் இப்போது லாசருவைத் தேடினார்கள். அவர் கட்டிலடியில் குனியும்போது, "லாசரு தம்பி எங்கே?" என்று கேட்டார்கள். எங்கேயோ இருப்பான் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு நடப்பார். நெஞ்சில் முள் ஏறும்.

ஈஸ்டருக்கு முந்திய அந்தத் தபசுகாலத்தில் குருவானவர் சற்குணம் ஒரு பிரசங்கம் செய்தார். தேவனுடைய ராஜ்யம் இனிமேல்தான் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆண்டவர் கலிலேயாவில் நடந்து நோயாளியைத் தொட்ட நாளிலேயே அது தொடங்கிவிட்டது, அதன் நிறைவுதான் இனி வரவேண்டும், இப்போதே அதற்குள் நுழையலாம் என்றார். கேட்ட பலருக்கும் ஆறுதல். அருமைநாயகத்துக்கோ அது பொறுக்கவில்லை. ராஜ்யம் இனி வருவதென்றால், அது வருவதற்குள் தம்முடைய உழைப்பு மலைபோல் சேர்ந்திருக்கும். முன்பே தொடங்கிவிட்டதென்றால், நேற்று வந்த ஆட்டுத் திருடன் இன்றே உள்ளே இருக்கிறானே! அப்படியானால் தாம் காத்திருந்ததற்கு என்ன பொருள்?

அதே வாரம் இன்னொரு அடி விழுந்தது. குருத்தோலை ஞாயிறு பவனியில் முன்னே சிலுவை தூக்கிச் செல்லும் பேற்றை அருமைநாயகம் பல வருஷமாக உள்ளுக்குள் விரும்பியிருந்தார், வாய்விட்டுக் கேட்டதில்லை. குருவானவர் அதை லாசருவுக்குக் கொடுத்தார். அன்று அருமைநாயகம் சாப்பிடவில்லை. லாசரு தூரத்தில் பாடும் சத்தம் கேட்டால் கிண்ணங்களை வேண்டுமென்றே உரக்க உருட்டினார்.

ஒரு விடியற்காலை அவர் அடுப்படியில் இருந்தபோது, கொட்டகைக்குப் பின்னால் இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தார். லாசரு குனிந்து துப்பிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனான். அருமைநாயகம் சென்று மண்ணை விலக்கினார். இரத்தம். நோய் திரும்பிவிட்டது. நோயாளியைச் சிலுவை தூக்க விடமாட்டார்கள். அவருடைய மனதில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி.

அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. முற்றட்டும், தானே தெரியவரட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஜெபத்துக்கு நின்றபோது, ராஜ்யம் வர வேண்டும் என்னும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த மகிழ்ச்சியைச் சுமந்துகொண்டு எந்த ராஜ்யத்துக்குள் நுழைவது? அது இந்த நிமிஷமே வந்து வாசல் திறந்தாலும், உள்ளே லாசரு இருப்பதைக் கண்டு தாம் வெளியிலேயே நின்றுவிடுவோம் என்று அவருக்கு உறைத்தது. எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வார்டுக்கு நடந்தார்.

லாசரு படுக்கைகளை உதறிக்கொண்டிருந்தான். அவனைத் தனியே அழைத்தார்.

"நீ துப்பின இரத்தத்தை நான் பார்த்துட்டேன் தம்பி. பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். ரெண்டு நாளா வாயைத் திறக்காம இருந்தேன். அதை உங்கிட்ட சொல்லிட்டுத்தான் உன்னை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போகணும்னு வந்தேன்."

 லாசரு, சிலுவை தூக்கும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி கெஞ்சினான். தன் வாழ்நாளில் யாரும் தன்னை நம்பி எதையும் கையில் கொடுத்ததில்லை என்றான். அருமைநாயகத்துக்குக் கண் நிறைந்தது. அவனுடைய ஆசையும் தம்முடைய ஆசையும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று அப்போதுதான் கண்டார். தோளைப் பிடித்து அழைத்துச் சென்றார். டாக்டரம்மா அன்றே அவனைக் கட்டிலில் சேர்த்தார். அவன் செய்த வார்டு வேலையையும் அருமைநாயகமே ஏற்றுக்கொண்டார்.

குருவானவர் சிலுவையை அருமைநாயகத்திடம் ஒப்படைத்தார். குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்த வேட்டி கட்டி, முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் அவர் நின்றார். பாட்டைத் தொடங்கும் நேரத்தில் நர்சம்மா ஓடிவந்தாள். லாசருவுக்கு வாய்வழியே இரத்தம் நிற்காமல் வருகிறது என்றாள். டாக்டரம்மாவை அழைக்க ஆள் போயிற்று. அருமைநாயகம் பக்கத்தில் நின்ற சமையற்காரர் கையில் சிலுவையைக் கொடுத்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

அவனைச் சாய்த்துப் பிடித்து, கிண்ணத்தை வாயருகே ஏந்தினார். வெளுத்த வேட்டியெல்லாம் சிவந்தது. சன்னலுக்கு வெளியே பவனி ஓசன்னா பாடிக் கடந்துபோயிற்று. சத்தம் ஓய்ந்தபின், மூச்சு வாங்கிக்கொண்டே லாசரு கேட்டான்: "ராஜ்யம் எப்பதான் வரும், அண்ணாச்சி?"

"வந்துட்டுதுடா," என்றார் அருமைநாயகம். "எனக்குத்தான் உள்ளே வர இத்தனை நாள் ஆச்சு."

லாசரு அவர் தோளுக்கு மேலே பார்த்தான். "உங்ககூடச் சேர்ந்து கிண்ணத்தைப் பிடிச்சிருக்கிறது யாரு? கையிலே காயம் இருக்கே," என்றான்.

அருமைநாயகம் திரும்பினார். அவர் கண்ணுக்கு எவரும் தெரியவில்லை. ஆனால் ஏந்திய கிண்ணத்தின் பாரம் குறைந்திருந்தது. சற்று நேரத்தில் இரத்தமும் நின்றது.

லாசரு பிழைத்தான். தான் கண்டதை எல்லாரிடமும் சொன்னான். அதைக் கேட்ட குருவானவர் அருமைநாயகத்தைத் தேடிவந்து, இத்தனை காலம் ஊழியம் செய்தவருக்குக் காட்டாமல் ஆண்டவர் நேற்று வந்தவனுக்குக் காட்சி கொடுத்தாரே, மனதுக்கு வருத்தமில்லையா என்று மெல்ல விசாரித்தார்.

அருமைநாயகம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "வருத்தம் வருமான்னு நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஐயா. வரல," என்றார்.

பிறர் பெற்ற வரத்தைக் கண்டு நோகாத நெஞ்சைக் கடைசியில் வரமாகப் பெற்ற அந்த எளிய அடியாரின் பேர் வாழ்க.