பன்றி இறக்கி வைத்த நெருப்பு

மிருகமும் செடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெருப்பு பன்றியின் வயிற்றில் இருந்தது. மிளகாயில் ஒன்றுமே இல்லை. பச்சையாகக் காய்க்கும், பச்சையாகவே உதிரும், கடித்தால் சப்பென்று இருக்கும். குழம்பில் போட்டால் எல்லோரும் இலையோரம் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் கடுப்பு மிளகாய்ச் செடிக்கு நிறையவே உண்டு.

நெருப்பு இருந்ததால் பன்றியை யாரும் தின்ன முடியவில்லை. மலையடிவாரத்தில் ஒக்கையன் என்று ஒருவன். அவன் ஈட்டி எறிந்து, ஒரு தாய்ப்பன்றியின் காதில் சின்னத் துண்டு ஒன்றைப் பறித்துச் சுட்டுத் தின்று பார்த்தான். நாக்கு வெந்துபோய், வெறும் கஞ்சியைக்கூட ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு கிடந்தான். பிறகு அந்தப் பன்றி எதிரே வந்தால் அவன்தான் வழிவிடுவான்.

ஆனால் பன்றியால் ஓரிடத்தில் நிற்க முடியாது. நின்றால் காலடிப் புல் கருகும். படுத்தால் வயிறு எரியும். ஓடிக்கொண்டே மேயும், ஓடிக்கொண்டே கண்ணயரும். குட்டி போட்டாலும் படுத்துப் பால் கொடுக்க வழியில்லை. குட்டிகள் தாயின் பின்னாலேயே ஓடி, பால் கிடைக்காமல் ஒவ்வொன்றாக விழுந்து செத்தன. இப்படியே குறைந்து குறைந்து, காட்டில் மிஞ்சியது காது கிழிந்த அந்த ஒரு தாய்ப்பன்றிதான். அது மறுபடியும் குட்டி போட்டது.

ஒக்கையன் வீட்டுக் கொல்லையில் நின்ற மிளகாய்ச் செடியிடம் பன்றி வந்தது. வந்தும் நிற்கவில்லை, செடியைச் சுற்றிச் சுற்றி ஓடியபடியே கேட்டது.

"இந்தா மிளகா, ஒரு ஒத்தாச பண்ணு. என் நெருப்பச் செத்த நேரம் வச்சுக்க. பிள்ளைக பால் குடிச்சதும் வாங்கிக்கிறேன்."

"நான் எதுக்கு உன் பாரத்தச் சொமக்கணும்?" என்றது மிளகாய். உள்ளுக்குள் ஆசை பொங்கியதை வெளியே காட்டவில்லை.

"முந்தின ஈத்து பூரா ஓடியே செத்துச்சு. இதுகளாச்சும் பொழைக்கட்டும்."

"சரி சரி, அழாத. வேருல கக்கிட்டுப் போ. பத்திரமா இருக்கும்."

பன்றி கக்கியது. வயிறு குளிர்ந்தது. பிறந்ததிலிருந்து முதன்முறையாக அது மண்ணில் சாய்ந்து படுத்தது. குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வந்து வயிறு முட்டக் குடித்தன. பாவம், தாய் அசந்து தூங்கிவிட்டது.

அந்தத் திருட்டுச் செடி சும்மா இருக்குமா? வேரால் உறிஞ்சி, தண்டில் ஏற்றி, நெருப்பைக் காய்களுக்குள் பதுக்கிக்கொண்டது. காயெல்லாம் செக்கச் சிவந்துவிட்டது.

பன்றி விழித்து வந்து, "என் நெருப்பக் குடு" என்றது.

"என்கிட்ட ஏன் கேக்குற? மண்ணுலதான கக்குன, அங்கயே தேடு."

பன்றியின் கழுத்து மேலே நிமிராது. சிவந்த காய்கள் அதன் தலைக்கு மேலேயே தொங்கின. அது மூக்கால் மண்ணைக் கிண்டியது, வேறொரு பக்கம் கிண்டியது, ஓடிப்போய்த் திரும்பி வந்து முதலில் கிண்டிய இடத்தையே கிண்டியது. குட்டிகளும் தாயைப் பார்த்துக் கிண்டத் தொடங்கின.

ஒக்கையன் கொல்லைக்கு வந்தான். பன்றி நிற்கிறது, காலடியில் புல் கருகவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஈட்டியை எடுத்தான்.

அவன் கால்களைப் பன்றி பார்த்தது. ஓடியிருக்கலாம். ஆனால் நெருப்பில்லாமல் ஓடி எங்கே போய் ஒளிவது? இன்று தப்பினால் நாளை குட்டிகளைத் தேடி வருவான். "செத்தப் பொறுப்பா, இங்கனதான் வச்சேன், இப்பக் கெடச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் வேகமாகக் கிண்டியது.

ஒக்கையன் பொறுக்கவில்லை. குட்டிகள் புதருக்குள் பாய்ந்து தப்பின. வயிறு நிறையப் பால் குடித்திருந்ததால்தான் அவற்றால் ஓட முடிந்தது.

கறியை அவன் மனைவி சடைச்சி அடுப்பில் ஏற்றினாள். சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம் எல்லாம் அரைத்துப் போட்டாள். குழம்பு கொதித்ததே தவிரக் கறி வேகவில்லை. துண்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சட்டிக்குள் சுற்றின. மூடியை வைத்தால் தள்ளிவிட்டன. இடுப்பில் கைக்குழந்தை பாலுக்கு வீறிட்டது. உட்கார்ந்து கொடுக்கலாம் என்றால் சட்டி விடவில்லை.

"வெந்துச்சா?" என்று ஒக்கையன் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தான்.

"நீ வேற உசுர எடுக்காத. போய் வெறகு ஒடி" என்று அவனை விரட்டினாள் சடைச்சி. பிறகு சட்டியைப் பார்த்துக் கத்தினாள். "உனக்கு என்னதான் வேணும்?"

"என் நெருப்பு" என்றது சட்டிக்குள்ளிருந்து ஒரு குரல். "பிள்ளைக பால் குடிக்கட்டும்னு எறக்கி வச்சேன். திருப்பித் தரல."

சடைச்சி அகப்பையைக் கீழே வைத்தாள். அழுகிற குழந்தையை ஒரு தடவை பார்த்தாள். கொல்லைக்குப் போனாள். செடியில் காயெல்லாம் சிவந்து தொங்குவதைப் பார்த்ததும் திருட்டு தெரிந்துவிட்டது.

"தொடாத, என்னுது!" என்றது மிளகாய்.

"பெத்தவகிட்ட ஏமாத்தி வாங்கிட்டு, என்னுதுன்னு வேற சொல்றியா?"

விரல் எரிய எரிய ஒரு காய் விடாமல் பறித்தாள். அம்மியில் வைத்து அரைத்துச் சட்டியில் வழித்துப் போட்டாள். குழம்பு ஒரு பெருமூச்சு விட்டது. துண்டுகள் ஓட்டத்தை நிறுத்தி அடியில் படுத்தன. சிவப்பாக எண்ணெய் மேலே மிதந்தது, கறி மெல்ல வெந்தது. அதன் பிறகுதான் சடைச்சி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

சாப்பிடும்போது ஒக்கையனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. "யாத்தே, என்னா காரம்!" என்றான். இன்னும் ஊற்றச் சொன்னான். நிமிர்ந்து பார்த்தால், சடைச்சி கண்ணிலும் தண்ணீர். அவள் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"உனக்கும் காரமா?"

"ஆமா, காரந்தான்" என்றாள்.

செடி மறுபடி காய்த்தது. வேரில் ஒட்டிய நெருப்பு இன்னும் அதை விட்டுப் போகவில்லை. தப்பிய குட்டிகளின் வாரிசுகளும் மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் தாய் தொலைத்ததைக் கிண்டித் தேடுகின்றன. கைநிறைய மிளகாய் அரைத்துப் போடாமல் பன்றிக்கறிக் குழம்பு அடங்குவதில்லை. அந்தக் குழம்பு கொதிக்கிற வீட்டில் பிள்ளை பெற்றவள் கண்ணைத் துடைத்தால், காரமா என்று மட்டும் கேட்டுவிட்டு மேற்கொண்டு கேட்காமல் விடுகிறார்களே, அதுவும் அன்று முதல்தான்.