மல்கியேலின் தூணும் உடைந்த பாலமும்

இஸ்ரவேலில் ராஜா என்று ஒருவரும் முடிசூடாத காலம் அது. மலைநாட்டில் மல்கியேல் என்று ஒரு தலைவன் இருந்தான். கொள்ளைக்கூட்டத்தை மூன்று தரம் அடித்து விரட்டியவன். அவனைக் கெட்டவன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், கேட்கிறவர்களே. விதவைக்கு நியாயம் செய்வான், அந்நியனுக்குச் சோறு போடுவான், ஓய்வுநாளை மீறவே மாட்டான். ஆனால் தன் பேர் நிலைக்கவேண்டும் என்று ஓர் ஆசை அவன் மனதில் புகுந்துகொண்டது. அந்த ஆசை அவனைப் பாடாய்ப் படுத்தியது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கைதவறி ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால், செத்தவனுடைய சகோதரன் பழிவாங்கப் புறப்படவேண்டும். மனம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொன்றவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடவேண்டும். அதன் வாசலுக்குள் போய்விட்டால் அவனை ஒருவரும் தொடக்கூடாது. அதனால் வருஷந்தோறும் மழை ஓய்ந்ததும் அந்தப் பட்டணத்து வழியைச் செப்பனிடவேண்டும். அது தலைவனுடைய பொறுப்பு.

மல்கியேல் என்ன செய்தான்? மழை ஓய்ந்ததும் ஆட்களையெல்லாம் குன்றின்மேல் ஏற்றினான். தன் வெற்றிக்கு முப்பது முழத்தில் தூண் எழுப்பச் சொன்னான்.

முதல் வருஷம் அடைக்கலப் பட்டணத்திலிருந்து செராயா என்ற லேவியன், ஆலய ஊழியக்காரன், வந்தான். "ஐயா, வழியெல்லாம் முள் மண்டிவிட்டது" என்றான். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றான் மல்கியேல்.

இரண்டாம் வருஷமும் செராயா வந்தான். "ஐயா, பள்ளத்தாக்குப் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது." "ஆகட்டும், பார்க்கலாம்."

மூன்றாம் வருஷம் வந்தவன் உட்காரக்கூட இல்லை. "பாலம் விழுந்துவிட்டது ஐயா! உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவன் எந்த வழியாய் வருவான்?"

மல்கியேலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யார் ஓடுகிறார்கள் இப்போது? என் நாளில் ஒரு கொலை உண்டா? தூண் முடியட்டும், மறுநாளே ஆள் அனுப்புகிறேன்" என்றான். பிறகு, விழுந்த பாலத்தின் கற்கள் நல்ல வெட்டுக்கற்கள் என்று கேள்விப்பட்டு, அவற்றையும் தூணுக்கு ஏற்றிவரச் சொன்னான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

தூண் முடிய ஒரு வாரம் இருந்தது. சாரத்தை உயர்த்த இன்னும் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மல்கியேலின் ஒரே மகன் யாசூபும் கோடரி பிடித்திருந்தான். அவன் ஓங்கி வெட்டியபோது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று பறந்து, பக்கத்தில் நின்ற அவன் சிநேகிதன் ஈரியின் நெற்றியில் பட்டது. ஈரி அந்த இடத்திலேயே உயிரை விட்டான். காலையில் இரண்டு பேரும் ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றவர்கள்.

"அப்பா!" என்று யாசூப் மேலே பார்த்து அலறினான்.

மல்கியேல் சாரத்தின் உச்சியில் நின்றான். ஈரியின் அண்ணன் அசாரேல் கத்தியை எடுப்பதைக் கண்டான். "ஓடு மகனே! பட்டணத்துக்கு ஓடு, நிற்காதே!" என்று கத்தினான். சொல்லி வாய் மூடியபிறகுதான் அவனுக்குப் பாலம் ஞாபகம் வந்தது.

"அந்தப் பக்கம் வேண்டாம்! திரும்பி வா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். முப்பது முழ உயரத்திலிருந்து கூப்பிட்ட சத்தம் காற்றோடு போயிற்று. அந்த உச்சியிலிருந்து வழி முழுவதும் நன்றாகத் தெரிந்தது. மகன் முள்ளில் விழுந்து எழுவதைப் பார்த்தான். பள்ளத்தின் ஓரத்தில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிப் பாலத்தைத் தேடுவதைப் பார்த்தான். அசாரேல் வந்து சேர்ந்ததையும் பார்த்தான். பாவி மனுஷன், அவனுக்குக் கண்ணை மூடக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் அசாரேல் திரும்பி வந்து தூணின் அடியில் தொப்பென்று உட்கார்ந்தான். மல்கியேல் இறங்கிவந்து அவன் எதிரில் நின்றான்.

"ஐயா, நான் மெல்லத்தான் ஓடினேன்" என்றான் அசாரேல். "உம்முடைய பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். அவன் தப்பிப்போகட்டும் என்று இரண்டு இடத்தில் நின்றுகூடப் பார்த்தேன். போய்ச் சேர்ந்திருப்பான் என்று நம்பித்தான் பள்ளத்துக்குப் போனேன். அங்கேயே நிற்கிறான் ஐயா! எனக்குப் பின்னால் என் சொந்தக்காரரெல்லாம் வந்துவிட்டார்கள். கண்ணெதிரே நிற்கிறவனை விட்டுவிட்டு எந்த முகத்தோடு என் தாயிடம் போவேன்? பாலத்தை எங்கே ஐயா கொண்டுபோனீர்?"

மல்கியேல் நிமிர்ந்து பார்த்தான். பாலத்தின் கற்கள் அசாரேலின் முதுகுக்குப் பின்னால் தூணாய் நின்றுகொண்டிருந்தன.

மகனை அடக்கம்பண்ணி ஏழு நாள் துக்கம் காத்தான். எட்டாம் நாள் கடப்பாரையோடு குன்றேறித் தூணை இடிக்கத் தொடங்கினான். ஜனங்கள் உதவிக்கு வந்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒவ்வொரு கல்லாய்ப் பள்ளத்துக்குச் சுமந்தான். பெரிய கற்களைத் தனியே தூக்க முடியாமல் திணறியபோது, யாரோ மறுமுனையைப் பிடித்தார்கள். பார்த்தால், அசாரேல். அன்றுமுதல் இரண்டு பேருமாய்ச் சுமந்தார்கள். அடுத்த மழைக்குமுன் பாலம் எழும்பிற்று. மல்கியேலின் பேர் வெட்டிய கல்லை, எழுத்து மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டார்கள்.

மறு வருஷம் ஒரு மனுஷன் மூச்சிரைக்க ஓடிவந்து அந்தப் பாலத்தைக் கடந்து பிழைத்தான். முள் வெட்டிக்கொண்டிருந்த மல்கியேல் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, அவன் பட்டணத்து வாசலுக்குள் போகும்வரை பார்த்தான். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு, "யாசூபே, என் மகனே" என்று அழுதான்.

ஆகையால் கேட்கிறவர்களே, ஜனங்கள் உயிர் பிழைக்கும் வழியைக் கவனியாமல் தன் பேரை உயர்த்துகிற தலைவன், அந்த வழி தன் வீட்டுக்கும் தேவைப்படும் நாளில் அது இல்லாமல் தவிப்பான்.