வணக்கத்துக்குப் பிறகு

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. சொன்னவர் இளம்பரிதி. கதையில் வருகிறவரும் அவர்தான்.

அப்போது அவன் ஆய்வு மாணவன்.

“ஐயா, என் ஆய்வு செத்துப்போச்சு” என்று வந்து நின்றான்.

பேராசிரியர் மரியசூசை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “எதுல செத்துச்சு?”

“தமிழாசிரியர்கள் மனசு எப்படியிருக்குன்னு பார்க்க செயலி செஞ்சேன்ல? தினமும் சாயங்காலம் அதுல பேசி அனுப்பணும். அத்தனை பேரும் சந்தோஷமா இருக்காங்க ஐயா.”

“அத்தனை பேருமா? போடு, கேப்போம்.”

குணசுந்தரி டீச்சரின் குரல் வந்தது.

“ஆய்வாளர் தம்பிக்கு அன்பு வணக்கம். இன்றைய வகுப்பு இனிதே நடந்தேறியது. மாணவச் செல்வங்கள் என்னை மகிழ்வித்தனர். நன்றி, வணக்கம்.”

பேராசிரியர் குலுங்கிச் சிரித்தார். “மைக்கைக் கண்டா நம்மாளுங்க சும்மா விடுவாங்களா! அப்புறம்?”

“அவ்வளவுதான். வணக்கம் சொன்னதும் மிச்சத்தைச் செயலியே வெட்டிடும். நான்தான் அப்படி வச்சேன். அதுக்கு மேல வெறும் இரைச்சல்.”

“வெட்டாததைப் போடு.”

போட்டான்.

வணக்கம் முடிந்தது. டக் டக்கென்று போன் கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

“நின்னுச்சா இது? ம்... நின்னுடுச்சு.”

நாற்காலி கிரீச்சிட்டது. நீண்ட மூச்சு.

“என்னால முடியலடா சாமி. நாளைக்கும் அங்க போய் நிக்கணுமா?”

பிறகு அழுகை.

இளம்பரிதி துள்ளி எழுந்தான். “ஐயா! ஆய்வு பிழைச்சுது! எல்லார் பதிவுலயும் இந்த வால் இருக்கும்!”

பேராசிரியர் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார்.

“இது எப்ப வந்தது?”

“போன ஆடியில ஐயா.”

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“ஆய்வு பிழைச்சுதுன்னு சொன்ன” என்றார் பேராசிரியர். “அந்த அம்மா?”

தம் போனை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

கதை இவ்வளவுதான்.

மரியசூசை ஐயா இப்போது இல்லை. இளம்பரிதி பேராசிரியராகிவிட்டார். போகிற கருத்தரங்கிலெல்லாம் இதைச் சொல்கிறார், ஒரு சொல் பிசகாமல், அழகான மேடைத் தமிழில். கூட்டம் கைதட்டுகிறது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

போன மாதமும் சொன்னார். “நன்றி, வணக்கம்” என்று முடித்துவிட்டு இறங்கினார். மைக்கை அணைத்தார்கள். நான் பக்கத்தில் போனேன்.

“பரிதி, அன்னைக்கு போன் பண்ணினீங்களே... அந்த அம்மா எடுத்தாங்களா?”

நாற்காலி கிரீச்சிட உட்கார்ந்து, நீண்ட மூச்சு விட்டு, மேடைத் தமிழ் துளியும் இல்லாமல், “எடுக்கல” என்றார்.